குருசுக்குப்பத்துச் சந்தும் ஏழு மீட்டர் இறக்கையும்

2009இல் புதுச்சேரி முன்சீப் கோர்ட்டில் நான் தாக்கல் செய்த அந்த அசல் வழக்கின் முதல் பக்கத்தைப் படிப்பவருக்கு வித்தியாசமாக எதுவும் தெரியாது. குருசுக்குப்பத்தில் ஒரு பொதுச் சந்து. அது திரும்பும் முனையில் பக்கத்து வீட்டுக்காரர் நான்கு கருங்கல் தூண்களை நட்டு, மேலே தகர ஷீட் போட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் செய்துகொண்டார். அதை அகற்றச் சொல்லிச் செயலுறுத்துக் கட்டளை வேண்டும் என்பது எங்கள் பிராது. இப்படிப்பட்ட வழக்குகள் முன்சீப் கோர்ட்டுகளில் எப்போதும் நிலுவையில் இருக்கும். எங்கள் பிராதின் பின்பகுதியில்தான் விஷயம் இருந்தது. சந்தின் உள்பக்கம், வாதியின் வீட்டுக் கொட்டகையில், ஏழு மீட்டர் நீளத்தில் ஒரு விமான இறக்கை இருந்தது. வாதி அதைத் தன் கையால் செய்திருந்தார். அதை வெளியே கொண்டுவர அந்தச் சந்தைத் தவிர வேறு வழி இல்லை.

வாதி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அவருடையது. ராணுவத்தில் மெக்கானிக். பிரான்சில் இருந்த காலத்தில் ஒரு பறக்கும் சங்கத்தில் சேர்ந்து உரிமமும் வாங்கியிருந்தார். அந்தச் சங்கத்தில் பாதி விமானங்கள் உறுப்பினர்களே மரத்தில் செய்தவை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. கொட்டகையைப் போய்ப் பார்த்த பிறகு நம்பினேன்.

அவர் செய்துகொண்டிருந்தது ஜோடெல் டி-9 என்ற ஒற்றை இருக்கை விமானம். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் என்ற ஊரில், எத்துவார் ஜோலியும் அவருடைய மருமகன் ழான் தெலெமோந்தேசும் வடிவமைத்தது. 1948 ஜனவரியில் முதலில் பறந்தது. வரைபடத்தை வாங்கிக்கொண்டு எவரும் வீட்டில் செய்யலாம் என்பதற்காகவே எளிமையாக வரையப்பட்டது. மரச்சட்டம், ப்ளைவுட், மேலே துணி, முன்னால் ஒரு சிறிய மோட்டார். வெறும் எடை சுமார் 200 கிலோ. ஆளும் பெட்ரோலும் ஏறினால் 320. பிரெஞ்சு அரசு அந்தச் சிறு விமானத்தைப் பார்த்துவிட்டு, நாட்டின் பறக்கும் சங்கங்களுக்குப் பயிற்சி விமானமாக இரண்டு இருக்கையில் ஒன்று செய்துதரச் சொன்னது. அந்த வம்சத்தில் வந்த மர விமானங்களில்தான் பிரான்சில் பல தலைமுறை விமானிகள் பழகினார்கள். ஒரு மாமனாரும் மருமகனும் தொடங்கிய வேலை இது.

இந்த விமானத்தின் இறக்கைக்குள் ஓடும் நடுவிட்டம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே துண்டு. அதனால்தான் எடை குறைவு, வலு அதிகம். அதனால்தான் எங்கள் வழக்கும் வந்தது. கழற்றிப் பூட்டும் இறக்கையாக இருந்தால் இரண்டு துண்டாக்கி எடுத்துக்கொண்டு போயிருப்பார்; நானும் அந்தக் கொட்டகைக்குள் போயிருக்க மாட்டேன்.

ஏன் அலுமினியத்தில் செய்யவில்லை என்று கேட்டேன். கொட்டகையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே கரை அரிபட்டு, இப்போது கருங்கல் கொட்டித்தான் குருசுக்குப்பத்தையும் வைத்திக்குப்பத்தையும் காப்பாற்றுகிறார்கள். உப்புக்காற்று அங்கே ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். மெல்லிய அலுமினியத் தகடும் ஆணிகளும் எத்தனை வருஷம் தாங்கும்? மரத்துக்கு ஈரம்தான் எதிரி, உப்பு இல்லை. அதற்கு அவர் ஒரு மர அலமாரி செய்து, உள்ளே பல்பு எரியவிட்டு, இறக்கையின் விலாச்சட்டங்களை அதில் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஈரப்பதத்தை அளந்து நோட்டில் எழுதினார். எனக்கு அந்த நோட்டுதான் பின்னால் பெரிய சாட்சி ஆயிற்று.

பக்கத்து வீட்டுக்காரரை வில்லனாகக் காட்ட நான் விரும்பவில்லை. அவருடைய வீட்டுச் சுவரும் கொட்டகைச் சுவரும் ஒன்று. உள்ளே வயதான தாய், சின்னப் பிள்ளைகள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் விமானம் செய்கிறார், பெட்ரோல் வைத்திருப்பார், ஒருநாள் மோட்டாரை ஓட்டுவார், மேலே கிளம்பி நம் கூரையிலேயே விழுவார் என்று ஊரில் பேச்சு. அவர் பயந்தார். கலெக்டருக்கு எழுதினார், போலீசுக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் தூணை நட்டார். விமானம் வெளியே வரவே கூடாது என்பது அவர் எண்ணம். பைக் நிறுத்துவது இரண்டாவது காரணம்தான்.

சந்து பொதுச் சந்து என்பதை நிரூபிப்பது சுலபமாக இருந்தது. புதுச்சேரியில் நிலத் தகராறு எதுவானாலும் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் என்ற நில அளவை வரைபடத்தில் போய் முடியும். இன்றும் பத்திரத்தில் ரீசர்வே எண்ணோடு கதாஸ்தர் எண்ணையும் எழுதுகிறோம். அந்த வரைபடத்தில் சந்து பத்தடி அகலத்தில் தெளிவாக இருந்தது. தூண்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தன.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பொதுப் பாதையை ஒருவர் அடைத்தால் அது ஊருக்கே தொல்லை. அதற்காகத் தனி ஒருவர் தன் பெயரில் வழக்குப் போட வேண்டுமானால், மற்றவர்களுக்கு இல்லாத தனிச் சேதம் தனக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். மீதி ஐந்தடியில் ஆள் நடக்கலாம், சைக்கிள் போகலாம், தண்ணீர்க் குடம் போகலாம். என் கட்சிக்காரருக்கு மட்டும் இருந்த தனிச் சேதம் அந்த இறக்கைதான். எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். அவர் வாதம் இரண்டே வரி. அனுமதி இல்லாமல் விமானம் செய்வது சட்டவிரோதம். சட்டவிரோதமான பொருளை வெளியே எடுக்க நீதிமன்றம் கைகொடுக்கக் கூடாது.

ஆக, ஒரு சந்து வழக்கில் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விமானங்களின் தயாரிப்பு, வைத்திருத்தல், பயன்பாடு, விற்பனை எல்லாவற்றுக்கும் விதிகள் செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. எதிர்த்தரப்பு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. நான் 2ஆம் பிரிவைப் படித்தேன். விமானம் என்றால் காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கி நிற்கக்கூடிய எந்த இயந்திரமும் என்று அது சொன்னது. பலூன், கிளைடரோடு பட்டத்தையும் சேர்த்துச் சொன்னது. விமானம் என்ற வரையறைக்குள் வந்தாலே வைத்திருப்பது குற்றம் என்றால், கடற்கரையில் பட்டம் விடும் பையனும் குற்றவாளியாக வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு விதிகள் பதிவில்லாமல் பறக்கக் கூடாது என்கின்றன. தகுதிச் சான்றில்லாமல் பறக்கக் கூடாது என்கின்றன. என் கட்சிக்காரர் பறக்கவில்லை. பறப்பதற்கு அனுமதி கேட்கவும் இல்லை. மோட்டாரும் துணியும் இல்லாத ஒரு மரச்சட்டத்தைக் கொட்டகையிலிருந்து லாரிக்குக் கொண்டுபோக வழி கேட்கிறார். விமானம் பறக்கத் தகுதியானதா என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொல்லட்டும். சந்து யாருடையது என்பதை முன்சீப் சொல்லட்டும் என்றேன்.

என் மூத்தவர் பிரெஞ்சுச் சட்டம் படித்தவர். அவர் விட்டுப்போன தல்லோஸ் தீர்ப்புத் தொகுப்புகள் இன்றும் என் அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு தீர்ப்பை அந்த வழக்குக்காக வெளியே எடுத்தேன். பிரெஞ்சுச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிந்த தீர்ப்பு அது. அதோல்ஃப் கிளெமான்-பயார் என்ற தொழிலதிபர் வாஸ் மாவட்டத்தில் ஆகாயக் கப்பல்களுக்குப் பெரிய கொட்டகை வைத்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் கொக்ரெல். தன் நிலத்தின் ஓரத்தில், பதினாறு மீட்டர் உயரத்தில் மரச்சட்டங்களை எழுப்பி, உச்சியில் கூரான இரும்புக் கம்பிகளைப் பொருத்தினார். ஓர் ஆகாயக் கப்பல் அதில் பட்டுக் கிழிந்தது. கொக்ரெலின் நோக்கம், தொல்லை தாங்காமல் தன் நிலத்தை அதிக விலைக்கு வாங்க வைப்பது. தன் நிலத்தில் தான் எதையும் கட்டலாம் என்றார். 1915 ஆகஸ்ட் 3ஆம் தேதி பிரான்சின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனக்கு எந்தப் பயனும் இல்லாமல், மற்றவனுக்குத் தீங்கு செய்வதற்காகவே ஓர் உரிமையைப் பயன்படுத்துவது உரிமையின் துஷ்பிரயோகம் என்ற கீழ் நீதிமன்ற முடிவை உறுதி செய்தது. கம்பிகளை எடுக்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டம் இதற்கு நேர் எதிர். 1895இல் பிராட்ஃபோர்ட் நகராட்சிக்கும் பிக்கிள்ஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில், செயல் சட்டப்படி சரியானால் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட பிறகு பொதுவான உரிமையியல் விஷயங்களில் நாங்கள் அந்தப் பக்கம் வந்துவிட்டோம். பிரெஞ்சுத் தீர்ப்பு எங்கள் முன்சீப்பைக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்தேதான் அதை வைத்தேன். எங்கள் தூண்கள் பொதுச் சந்தில் நின்றதால் உரிமையின் துஷ்பிரயோகம் என்ற கேள்விக்கே அவசியம் இல்லை. என்றாலும் அந்தப் பக்கங்களைப் படிக்கையில் எனக்கு வேறொரு செய்தி கிடைத்தது. அதே கிளெமான்-பயாரின் தொழிற்சாலைதான் சாந்தோஸ்-துமோனின் தெமுவாசெல் என்ற குட்டி விமானத்தை 1909இல் செய்து விற்றது. பிரேசிலில் பிறந்து பாரிசில் வாழ்ந்த சாந்தோஸ்-துமோன் அந்த விமானத்துக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்தை வெளியே விட்டார். 1910இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. ரைட் சகோதரர்கள் காப்புரிமைக்காகக் கோர்ட் கோர்ட்டாக நின்ற அதே ஆண்டுகள் அவை. வீட்டில் விமானம் செய்வது விமானத்தின் வரலாற்றில் ஓரமாக நடந்த காரியம் என்று நான் நினைத்திருந்தேன். விமானமே அப்படித்தான் பிறந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் அப்படித்தான். சென்னை மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய செய்தியில் மயங்கி, தானே ஒரு விமானத்தை வடிவமைத்தார். சிம்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் அதைச் செய்ய வைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். இந்தியாவில் முதல் பறத்தல்களில் அது ஒன்று. அப்போது அவரிடம் சான்றிதழ் கேட்க ஓர் அலுவலகமே கிடையாது.

விசாரணையில் என் கட்சிக்காரர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு மூத்தவர் குறுக்கு விசாரணையில் பேர் போனவர்.

"ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"விமானக் கம்பெனி எதுலயாவது வேலை பார்த்ததுண்டா?"

"இல்லீங்க. ராணுவத்துல மெக்கானிக்."

"படிப்பும் இல்ல, கம்பெனியும் இல்ல. நீங்க ஒட்டின பலகையை நம்பி நாலு பேர் தலைக்கு மேல எப்படிப் பறப்பீங்க?"

அவர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் ரெண்டு துண்டு மரத்தைத் தனியா ஒட்டி வெப்பேங்க. காய்ஞ்சதும் சுத்தியால அடிச்சு உடைப்பேன். மரம் பிளக்கணும், ஒட்டு விடக்கூடாது. ஒட்டு விட்டா அன்னிக்குச் செஞ்ச வேலை பூராவும் குப்பை. தேதி, ஈரம், எந்த டப்பா, எல்லாம் இதுல எழுதியிருக்கேன். உடைச்ச துண்டுங்களும் பெட்டியில இருக்கு. கடையில விமானம் வாங்கினவரைக் கூப்பிட்டு, அவர் விமானத்துக்கு இது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க."

மூத்தவர் அடுத்த கேள்விக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு செலவைக் கேட்டார். எங்கிருந்து வந்தது அவ்வளவு பணம்? அதற்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார். விமானம் வாங்குகிறவன் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கட்ட வேண்டும். இவர் ஒரு மாதப் பென்ஷனில் மரம், அடுத்த மாதம் பசை, கையில் இல்லாத மாதம் இருப்பதை வைத்து வேலை என்று செய்தார். நாலு இருக்கை செஸ்னா ஒன்றை இன்று புதிதாகத் தொழிற்சாலையில் வாங்க மூன்று கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். தன் உழைப்புக்குக் கூலி போட்டுக்கொள்ளாத மனிதருக்கு அந்தக் கணக்கே வேறு.

அந்தக் கூண்டுப் பேச்சு முடிந்த பிறகும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொத்துரிமை என்றால் அனுபவிக்கும் உரிமை, பிறரை விலக்கும் உரிமை, விற்கும் உரிமை என்று படித்திருக்கிறோம். ஒரு பொருளைச் செய்தவனுக்கு அதன்மேல் இருக்கும் அறிவு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் செய்த விமானத்தின் முதல் நன்மை எனக்கு அதுவாகத்தான் பட்டது, மலிவு அதற்கப்புறம்தான். இதைச் சில நாடுகளின் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. அமெரிக்காவில், தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் பெரும்பகுதியைத் தானே செய்த விமானத்தைச் சோதனை வகையில் பதியலாம். மக்கள் குடியிருப்பு குறைவான பகுதியில் குறிப்பிட்ட மணி நேரம் பறந்து சோதித்த பிறகே பயணிகளை ஏற்றலாம். பயணிகளைக் கூலிக்கு ஏற்ற முடியாது. செய்தவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் கிடைக்கிறது; ஆண்டுப் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குப் போகாது. அறிவு கைமாறவில்லை, உரிமையும் கைமாறாது. இவ்வளவு நேர்த்தியான சட்டத் தர்க்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தத் தர்க்கம் எவ்வளவு சரி என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது, வேறொருவர் வீட்டில் செய்து, பிறகு கைமாறி வந்த ஒரு லாங்-ஈசி விமானத்தில். செய்தவர் எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் இடத்துக்குள் வேண்டாம் என்று நினைத்து, டேங்க் மாற்றும் கைப்பிடியை வரைபடத்தில் இருந்த இடத்திலிருந்து மாற்றி, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். செய்தவருக்கு அது பழகிய இடம். வாங்கிய டென்வர் திரும்பிப் பார்த்து அதை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. விசாரணை அமைப்பு அந்தக் கைப்பிடியைத்தான் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. வீட்டில் செய்த விமானம் ஆபத்து என்று பேசுபவர்கள் இதைக் காட்டுவார்கள். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். இந்த விமானங்கள் செய்தவர் கையில் இருக்கும்வரைதான் முழுமையாக இருக்கின்றன. வாங்குபவர் செய்தவரிடம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முன்சீப் ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்தார். இறக்கையைத் தூக்கிக்கொண்டு போய் இடித்துப் பார்க்க முடியாது. அதனால் அதே நீளம், அதே உயரம், முனைகளில் அதே மேல்நோக்கிய வளைவோடு மூங்கிலில் ஒரு சட்டம் கட்டினோம். மீனவ இளைஞர்கள் தூக்கிக்கொள்ள, கமிஷனர் டேப்போடு பின்னாலேயே நடந்தார். நேர்ச்சந்தில் தாராளமாகப் போனது. முனையில் திருப்பியபோது பின்பக்கம் சுவரில் முட்ட, முன்பக்கம் மூன்றாவது தூணில் முட்டியது. தூக்கிச் சாய்த்தால் தகர ஷீட் தடுத்தது. கூரைக்கு மேலே எடுக்கலாமென்றால் மின்கம்பிகள். கிரேன் வரவும் இடமில்லை. எல்லா அளவுகளையும் கமிஷனர் படமாக வரைந்து அறிக்கையோடு இணைத்தார். அந்தப் படத்தில் தூண்கள் இல்லாத பத்தடிச் சந்தில் சட்டம் எப்படித் திரும்பும் என்பதையும் புள்ளிக் கோட்டில் காட்டியிருந்தார். அதற்குமேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் சாட்சி சொன்னார். ஃபைபர் படகுகள் வந்த காலத்திலிருந்து, பழுதுபார்க்க அவற்றைக் கரையிலிருந்து அந்தச் சந்து வழியாகத்தான் தூக்கி வருவார்கள் என்றார். "எங்க போட்டு இருபத்தெட்டு அடிங்க. அண்ணன் றெக்கை இருபத்திமூணு. எங்களுக்கு விட்ட வழி அவருக்கு இல்லாமப் போகுமா?" எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

கமிஷனர் வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாகக் கொட்டகைக்குள் வந்தார். வழக்கில் அதுதான் திருப்பம் என்பேன். அதுவரை அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டிருந்தார். உள்ளே பெட்ரோல் இல்லை. மோட்டார் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படவே இல்லை. இறக்கையைக் கவிழ்த்து வைத்து, அரிசி மண்டியிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவந்து ஏறக்குறைய ஒரு டன்வரை ஏற்றி, எவ்வளவு வளைகிறது என்று அளந்த படங்கள் நோட்டில் ஒட்டியிருந்தன. துணி ஏன் போர்த்தவில்லை என்று அவரே கேட்டார். மூடுவதற்கு முன்னால் பரிசோதகர் உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஒட்டையும் பார்க்க வேண்டும், அதற்காகத் திறந்து வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் அவர் தன் வக்கீலிடம் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாய்தாவில் சமரசம் பேசலாம் என்றார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 23, விதி 3இன் கீழ் மனு எழுதினோம். தூண்களும் ஷீட்டும் அகற்றப்படும். வாதி கொட்டகையில் எரிபொருள் வைக்க மாட்டார், மோட்டாரை அந்த இடத்தில் ஓட்ட மாட்டார், இரவு எட்டுக்குமேல் இயந்திர ரம்பம் போட மாட்டார். வார்னிஷ், பெயின்ட் வேலை எதுவும் சுவரோரம் இல்லை. செலவு அவரவருடையது. இறக்கை வெளியேறும் நாளில் சேதம் ஏற்பட்டால் வாதி பொறுப்பு. இந்தக் கடைசி நிபந்தனையை என் கட்சிக்காரரே சேர்க்கச் சொன்னார். பயந்தவருக்கு எழுத்தில் ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்றார்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஆட்கள் கரையில் இருந்த நேரமாகப் பார்த்து, இறக்கை சந்தைத் தாண்டி லாரியில் ஏறியது. புள்ளிக் கோடு போன வழியிலேயே போனது.

அது இந்தியாவில் பறக்கவில்லை. உடலும் இறக்கையும் கன்டெய்னரில் பிரான்சுக்குப் போயின. வீட்டில் செய்யும் விமானங்களுக்கென்று கட்டுப்பாடுகளோடு கூடிய தனிச் சான்றிதழை அந்த நாடு இரண்டாம் உலகப்போருக்கு முன்பே வைத்துவிட்டது. அதற்கு முன்னால் அங்கேயும் விபத்துகள் நடந்தன. ஆன்ரி மிஞே 1934இல் எழுதிய புத்தகத்தைப் படித்து ஆயிரக்கணக்கானோர் ‘வானத்துப் பேன்’ என்ற சிறு விமானத்தைக் கொட்டகைகளில் செய்யத் தொடங்கினார்கள். குத்தாகச் சாய்ந்தால் நிமிர முடியாத குறை அதில் இருந்தது; பலர் இறந்தார்கள். அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, குறையைக் கண்டு, பறக்கத் தடை போட்டார்கள். ஆனால் வீட்டில் செய்வதையே ஒழித்துவிடவில்லை. யார் செய்யலாம், எப்போது பரிசோதிக்க வேண்டும், எங்கே பறக்கலாம் என்று எழுதினார்கள். என் கட்சிக்காரரின் விமானம் அந்த வழியில் சான்று பெற்றது. அதே மனிதர், அதே பசை, அதே நோட்டு.

அந்த வழக்குக்குப் பிறகு இந்தியாவில் நடந்தவற்றை நான் கவனித்து வருகிறேன். மும்பை விமானி அமோல் யாதவ், சார்கோப்பில் தன் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைச் செய்தார். 2011இலிருந்து பதிவுக்கு அலைந்தார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. பதிவு 2017 நவம்பரில்தான் கிடைத்தது. பறக்கும் அனுமதி 2019இல். கண்காட்சியும் முதலமைச்சரின் ஆதரவும் இல்லாத ஒருவருக்கு இது கிடைத்திருக்குமா? இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ், பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத மனிதர், படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் செய்த இலகு விமானம் நம் மணிமுத்தாற்றில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் ஓடுதளத்தில் பறந்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு நல்ல மனிதரின் உதவி. சட்டத்தின் வழி அல்ல. இன்னொரு மலையாளி, அசோக் ஆலிசேரில் தாமராக்ஷன், லண்டனுக்கு வெளியே ஊரடங்குக் காலத்தில் தொடங்கி, தென்னாப்பிரிக்கக் கிட் ஒன்றிலிருந்து நாலு இருக்கை விமானத்தை ஒன்றரை ஆண்டில் முடித்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்திடம் அரசு அந்தப் பரிசோதனைப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. அவர் யாருடைய சிபாரிசும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரி முதல் நாளிலிருந்து 1934ஆம் ஆண்டுச் சட்டம் போய், பாரதிய வாயுயான் அதினியம் 2024 நடைமுறையில் இருக்கிறது. தயாரிப்போடு வடிவமைப்பையும் பராமரிப்பையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதில் அரசுக்குத் தெளிவாகவே இருக்கிறது. விதி செய்வதற்குச் சட்டத் தடை கிடையாது. நான் கேட்கும் விதிகள் இவ்வளவுதான்: துணி மூடும் முன் ஒரு பரிசோதனை, முதல் மணி நேரங்கள் குடியிருப்பு இல்லாத இடத்தில், கூலிக்கு ஆள் ஏற்றத் தடை, மூன்றாம் நபர் காப்பீடு, செய்தவருக்கு அந்த விமானத்தைப் பராமரிக்கும் உரிமை, விற்கும்போது கட்டுமான நோட்டு விமானத்தோடு போக வேண்டும் என்ற கட்டாயம். ஒரு தனிநபர், கம்பெனி ஏதும் தொடங்காமல், தன் பெயரிலேயே விண்ணப்பிக்கும் படிவம். எங்கள் சமரச மனு பாதிப் பக்கத்தில் ஓர் அண்டை வீட்டாரின் பயத்தையும் ஒரு மெக்கானிக்கின் உரிமையையும் சேர்த்து எழுதியது. இந்த விதிகளை எழுதவும் அதிகப் பக்கம் தேவைப்படாது. லாசுப்பேட்டை ஓடுதளம் குருசுக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். அதற்குக் கிழக்கே கடல், சோதித்துப் பார்க்க ஆளில்லாத வெளி. இதையெல்லாம் எழுதி, வழக்கின் கமிஷனர் அறிக்கை நகலையும் இணைத்து, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். என் கட்சிக்காரர் தன் நோட்டின் நகலை அதோடு சேர்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்.